தண்ணீர் கொல்லைப்புறமாக வரும் ஊர்

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் 6 நாள். மதுரை செல்லூரில் இருக்கும் என் பெரியம்மா, மழை இறங்குவதைப் பார்த்ததும் வழக்கம்போல வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு, நிலைப்படியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தெருத் தண்ணீர் மூட்டையைத் தொடவில்லை. ஆனால் காலில் குளிர்ச்சி. திரும்பிப் பார்த்தால் அடுப்படிக்குள் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகப் பொங்கி, வீட்டுக்குள் பரவி, அவருக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது.

"வாசலயே பாத்துக்கிட்டு நிக்கிறேன்டா, அது கொல்லப்பக்கமா வந்து என் முதுகுக்குப் பின்னால நிக்குது" என்று அன்று இரவு போனில் சொன்னார். மதுரையின் வெள்ளத்தை இதைவிடச் சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அன்று காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரைக்குள் நகரில் பெய்தது 9.8 செ.மீ. அதில் 4.5 செ.மீ. மூன்று மணியை ஒட்டிய வெறும் கால் மணி நேரத்தில் கொட்டியது. செ.மீ. கணக்கு நம் மனதில் நிற்பதில்லை, அதனால் லிட்டராக மாற்றிப் பார்ப்போம். ஒரு சென்ட் நிலத்தில் 10 செ.மீ. மழை விழுந்தால் 4,000 லிட்டர். மூன்று சென்ட் மனை என்றால் 12,000 லிட்டர், ஒரு முழுத் தண்ணீர் லாரி. ஒவ்வொரு வீட்டு மொட்டை மாடியிலும் ஒரே மதியத்தில் ஒரு லாரித் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எங்கே போகும்? அந்தத் தெருக்களில் அது போக இடமில்லை. இத்தனைக்கும் அன்று வைகை கரையை உடைக்கவில்லை. ஆறு தன் பாட்டுக்குக் கிடந்தது. தண்ணீர் வந்தது ஆற்றுக்கு எதிர்த்திசையிலிருந்து, செல்லூர் கண்மாய்ப் பக்கமிருந்தும் பந்தல்குடி கால்வாயிலிருந்தும்.

ஆற்றங்கரையில் வாழ்வதைப் பற்றிப் பேசும்போது நாம் ஆற்றை மட்டும் பார்க்கிறோம். மதுரையில் அது போதாது.

ஒரு ஆற்றுக்கு இரண்டு படுக்கைகள் உண்டு. ஒன்று, அது வழக்கமாக ஓடுகிற பள்ளம். இன்னொன்று, பெருமழையில் அது கைகால் நீட்டிப் படுக்கிற அகலமான தாழ்நிலம். இரண்டாவதைத்தான் வெள்ளச் சமவெளி என்கிறார்கள். அந்த நிலத்தை உண்டாக்கியதே ஆறுதான். ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்த வண்டலை அடுக்கடுக்காகப் பரப்பிச் சமப்படுத்தி வைத்திருக்கிறது. மண் வளமாக இருக்கும், தோண்டினால் தண்ணீர் கிடைக்கும், மேடு பள்ளம் இல்லாததால் வீடு கட்டுவது சுலபம். மனிதர்கள் அங்கே போய் உட்கார்ந்ததில் ஆச்சரியமே இல்லை. வைகைக் கரை நெடுகத் தொல்லியல் துறை அடையாளம் கண்ட பழைய குடியிருப்பு இடங்கள் மட்டும் 293. கீழடி இன்றைய ஆற்றிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே செங்கல் சுவரையும் சுடுமண் குழாயையும் பார்க்க, முதலில் மேலே மூடியிருக்கும் மண்ணை அடுக்கடுக்காக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆற்றோரம் வாழ்வது நம் ஊரில் 2,500 வருடப் பழக்கம். ஆபத்து தெரியாமல் அல்ல, தெரிந்தே, அதற்கென்று சில ஏற்பாடுகளோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்த ஏற்பாடுகளில் முதலாவது, ஊர் எங்கே, வயல் எங்கே என்ற பிரிவினை. சோழவந்தான், தென்கரை, தேனூர் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய ஊர்களில் வீடுகள் இருக்கும் நத்தம் சற்று மேட்டில் இருக்கும். சுற்றிலும் வயலும் கொடிக்காலும் தாழ்வில் கிடக்கும். தண்ணீர் ஏறினால் நெல் நனையும், வீடு நனையாது. நெல் போனால் ஒரு போகம் போகும், வீடு போனால் ஒரு தலைமுறைச் சம்பாத்தியம் போகும். எதை நனையவிடலாம், எதை விடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்த ஊர் அமைப்பு அது. இன்று பைபாஸ் ரோட்டுப் பக்கம் பிளாட் போடுகிறவர்கள் செய்வது நேர் எதிர். நத்தத்துக்கு வெளியே, வயலாக இருந்த தாழ்வில்தான் புதுக் குடியிருப்புகள் வருகின்றன, ஏனென்றால் காலி நிலம் அங்கேதான் மிச்சம்.

இரண்டாவது ஏற்பாடு கண்மாய்ச் சங்கிலி. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வைகை பஞ்சாபின் ஆறுகளைப் போல வருடம் முழுக்க ஓடுகிற ஆறு அல்ல. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கி.மீ. ஓடினாலும், வருடத்தில் பல மாதம் மணலும் நாணலும் சாக்கடையும்தான். மதுரையின் மழை வருடத்துக்குச் சுமார் 850 மி.மீ. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் வந்து விடுகிறது. கொஞ்ச நாளில் வருகிற தண்ணீரை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள, நம் முன்னோர் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டுக் கண்மாய் வெட்டினார்கள். ஒரு கண்மாய்க்கு வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும். மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்துவிட்டால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. இப்படிச் சங்கிலியாக இறங்கி, கடைசிக் கண்மாயின் மிச்சம் ஆற்றில் சேரும். பாலமேட்டுப் பக்கத்துச் சாத்தையாறு இப்படிக் கண்மாய் கண்மாயாக இறங்கி வண்டியூர் கண்மாய்க்கு வருவது ஒரு சங்கிலி. செல்லூர் கண்மாய் நிறைந்து பந்தல்குடி கால்வாய் வழியாக வைகையில் விழுவது இன்னொன்று. தெற்கே கிருதுமால் நதி துவரிமான், மாடக்குளம் பக்கமிருந்து இறங்கி ஊருக்குள் ஓடியது. கூடலழகர் கோயிலின் கதையில் பெருமாளுக்கு மாலையாகச் சொல்லப்படும் நதி. இன்று அதை நதி என்று சொன்னால் அதன் கரையில் குடியிருக்கிறவர்களே நம்ப மாட்டார்கள்.

ஆக, மதுரையின் வெள்ளச் சமவெளி என்பது வைகையின் இரண்டு பக்கமும் கோடு போட்டுக் காட்டுகிற பட்டை மட்டும் இல்லை. ஒவ்வொரு கண்மாயிலும் தண்ணீர் நிற்கும் உள்வாய், ஒவ்வொரு மறுகால் ஓடை, ஒவ்வொரு வரத்துக் கால்வாயின் ஓரம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அரசு வரைபடம் தேட வேண்டியதில்லை, ஊர்ப் பெயர்களே பாதி சொல்லிவிடும். தல்லாகுளம், பீ.பீ.குளம், சொக்கிகுளம், மாடக்குளம், சம்பக்குளம். மேலமடை என்றால் அங்கே ஒரு மடை இருந்தது. நரிமேடு என்றால் அது மேடு. பெயரில் குளம் இருக்கிற பேட்டையில் மழைக்குத் தண்ணீர் நின்றால், தண்ணீர் பழைய முகவரிக்கு வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கண்மாய் நெல்லுக்காக வெட்டியது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அது செய்த இன்னொரு வேலையைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லவில்லை: ஒரு மணி நேரத்தில் வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்து, ஒரு வாரத்தில் விடுவது. வயல் பிளாட்டான பிறகு கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இல்லை, ஆகவே தேவை இல்லை என்று முடிவு செய்தோம். வெள்ளத்தைத் தாமதப்படுத்தும் வேலை அதற்கு அப்போதும் இருந்தது. உண்மையில் ஊர் பெருகி, சிமெண்ட் தரை பெருகி, அந்த வேலை முன்பைவிட அதிகமாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் கண்மாய்களைச் சுருக்கினோம். இதில் ஏழை எளியவர்களின் குடிசையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில்தான் எழுந்தது. அரசே கண்மாயில் கட்டடம் எழுப்பிய ஊரில், கால்வாய் ஓரத்தில் இரண்டு சென்டில் ஓட்டு வீடு போட்டவரைப் பார்த்து மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திரும்பியது. 1959இல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. தண்ணீர் தேக்கும் உயரம் 71 அடி, கொள்ளளவு சுமார் 6 டி.எம்.சி. ஐப்பசி வந்தால் செய்தியில் கேட்கிற எண்கள் மதுரைக்காரர்களுக்கு மனப்பாடம்: 66 அடியில் முதல் கட்ட எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். அதற்கப்புறம் உபரி நீர் திறப்பு. யானைக்கல் பக்கம் கல்பாலத்தைத் தண்ணீர் மூழ்கடிக்கும், பாலத்தை மூடுவார்கள், 1889இல் கட்டிய ஏ.வி. பாலத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் குடும்பம் குடும்பமாக நின்று தண்ணீர் பார்ப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். ஊரே ஆற்றைப் பார்த்து மகிழ்கிற அந்த நேரம் எனக்கு இப்போதும் பிடிக்கும்.

அணை நமக்கு நல்லது செய்தது, சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஞாபகத்தையும் அது மாற்றிவிட்டது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற சின்ன வெள்ளத்தையெல்லாம் அணை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஆற்றோரத்தில் ஒரு தலைமுறையே கால் நனையாமல் வளர்ந்துவிடும். பெரிய மழையின்போது அணை ஏற்கெனவே நிறைந்திருந்தால், வருகிறதை அப்படியே விடுவதைத் தவிர வழியில்லை. அணைக்குக் கீழே வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மஞ்சளாறும் மருதாநதியும் கொண்டுவருகிற தண்ணீருக்கு வைகை அணையின் ஷட்டர் பதில் சொல்லாது. 1993 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்து, அந்தக் கரையில் வீடு கட்டியவர்கள் அதைவிட அதிகம்.

"நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று இன்ஜினியர்கள் சொல்வதையும் நாம் தப்பாக எடுத்துக்கொள்கிறோம். போன வருடம் வந்துவிட்டது, இனி 99 வருடம் நிம்மதி என்று அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். முப்பது வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் அதே முப்பது வருடத்தில் வாய்ப்பு நூற்றுக்கு 71. வீடு வாங்கும்போது கதவு தேக்கா வேம்பா என்று தட்டிப் பார்க்கிறோம். இந்தக் கணக்கை யாரும் நமக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

ஆற்றோரம் சுவர் கட்டினால் பயம் விட்டுப்போகும், பயம் விட்டால் சுவரை ஒட்டிக் கட்டடம் எழும்பும். அப்புறம் சுவரைத் தாண்டும் ஒரு வெள்ளம் வந்தால் இழப்பு முன்பைவிடப் பெரிதாக இருக்கும். உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்தது இது. மதுரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்குள் விழுகிற மழை ஆற்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வடகரை, தென்கரைச் சாலைகளும் சுவர்களும் உயர உயர, கால்வாய்கள் ஆற்றில் விழும் வாய்கள்தான் ஊரின் ஒரே வடிகால். அந்த வாய் குறுகினாலோ, ஆற்றில் தண்ணீர் மட்டம் கால்வாய் மட்டத்துக்கு மேல் இருந்தாலோ, தண்ணீர் இறங்காமல் பின்வாங்கி ஊருக்குள்ளேயே நிற்கும். ஆற்றைத் தடுக்கக் கட்டிய சுவரே மழைத் தண்ணீரைச் சிறைப்பிடிக்கும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை 290 மீட்டருக்கு 11.9 கோடி ரூபாயில் சிமெண்ட் கால்வாய் கட்ட அரசு உத்தரவிட்டது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். தேவையான வேலை. ஆனால் மேலே கண்மாய் பிடித்து வைக்கிற தண்ணீர் குறையக் குறைய, எத்தனை அகலமான கால்வாயும் ஒருநாள் போதாமல் போகும்.

தண்ணீர் வடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அடுத்த வெள்ளம் அங்கேதான் தீர்மானமாகிறது.

பெரியம்மா வீட்டுத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளம் வடிந்த ஒரு வருடத்துக்குள் மூன்று வீட்டை இடித்துக் கட்டினார்கள். மூன்று பேரும் கொத்தனாரிடம் சொன்ன முதல் வார்த்தை, "பேஸ்மட்டத்தை மூணடி தூக்கிருங்க." தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று சென்ட் மனை முழுக்கக் கிராவல் கொட்டி மூன்று அடி உயர்த்தினால், அந்த மனையில் முன்பு நிற்கக்கூடிய 1,10,000 லிட்டர் தண்ணீருக்கு இப்போது இடமில்லை. ஒன்பது லாரித் தண்ணீர். அது மறைந்துவிடாது, பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீடு என்பது கட்ட வசதியில்லாத வீடு. வசதி உள்ளவர் உயர, இல்லாதவர் தாழ்ந்துகொண்டே போகிறார். இதற்கு நடுவில் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் பெரியம்மா வீட்டுக்கு இரண்டு படி ஏறிப் போவோம். இன்று ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வீடு நகரவில்லை, ரோடுதான் வளர்ந்தது.

அந்த வீட்டில் முன்பு பெரியப்பாவின் குழித்தறி இருந்தது. ஐப்பசியில் தெருவில் ஒரு சொட்டு நிற்பதற்கு முன்பே தறிக்குழியில் ஊற்றெடுக்கும். பெரியப்பா காலை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்மா ஏறுது" என்பார். தறியின் பாவு நூலை உயரத்தில் கட்டிவிட்டு, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றச் சொல்வார். செல்லூர்க்காரர்களுக்கு அந்தக் குழிதான் எச்சரிக்கைக் கருவி. தறி போனது, குழியை மூடி டைல்ஸ் ஒட்டினார்கள். கண்மாய் ஏறுகிறதா என்று சொல்ல இப்போது வீட்டில் எதுவும் இல்லை.

நனைந்த வீட்டைச் சரிசெய்வதிலும் அவசரம்தான் கெடுக்கிறது. இரண்டு நாள் தண்ணீரில் நின்ற செங்கல் சுவர் உள்ளுக்குள் காய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். பொங்கலுக்குள் வெள்ளையடிக்க வேண்டும் என்று மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், ஆறே மாதத்தில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். பழைய வீடுகள் வெள்ளத்தைத் தாங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்விட்ச் போர்டை இடுப்புக்கு மேலே ஏற்றுவது, மெயின் போர்டை மாடிக்கு மாற்றுவது, கீழ்த்தளத்துக்குத் தனி சர்க்யூட் போடுவது, சம்ப்பின் வாயைத் தரைக்கு மேல் உயர்த்தி மூடி போடுவது எல்லாம் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஒரே வாரத்தில் முடித்துவிடக்கூடியவை. சாக்கடைக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று மாட்டினால், தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. வாசலில் ஐம்பது மணல் மூட்டையைவிடப் பெரியம்மாவுக்கு அந்த ஒரு வால்வுதான் தேவைப்பட்டது.

தூண் மேல் வீடு என்பது இன்னும் நல்ல வழி. கீழ்த்தளத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு மேலே குடியிருப்பது. அண்டை வீட்டுக்காரரின் மேல் தண்ணீரைத் தள்ளாத வழி அது ஒன்றுதான். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதலும் இதைச் சொல்கிறது: ஆஸ்பத்திரி, மின்நிலையம் போன்றவை நூறு வருட வெள்ள மட்டத்துக்கு மேலே, வீடுகளும் அலுவலகங்களும் 25 வருட வெள்ள மட்டத்துக்கு மேலே, அதற்கும் கீழே பூங்காவும் விளையாட்டுத் திடலும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஒன்றரை சென்டில் முட்டிவலியோடு தனியாக இருக்கும் 70 வயது அம்மாவைத் தினமும் மாடி ஏறச் சொல்வது எப்படி என்று யோசித்தால் அழகு குறைந்துவிடுகிறது. அவர் ஒருவருக்காக மட்டும் யோசித்தால் விடை கிடைக்காது. தெருவுக்கே சேர்த்து யோசித்தால் கிடைக்கலாம்.

இங்கேதான் பிட்டுக்கு மண் சுமந்த கதையை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஆவணி மூலத் திருவிழாவில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் வருடா வருடம் நடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வைகை பெருக்கெடுத்துக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து விடுகிறான் பாண்டியன். ஆளில்லாத கிழவி வந்திக்கும் ஒரு பங்கு. அவளுக்காகக் கூலியாளாக வந்த சொக்கன் உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்குகிறான். அவள் பங்கு அடைபடாமல் கிடக்கிறது. அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுகிறது.

பக்தியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கதைக்கு அடியில் இருக்கிற ஊர் நிர்வாகத்தைக் கவனியுங்கள். வெள்ளம் தடுப்பது தனித்தனி வீட்டு வேலையாக இல்லை, ஊரின் வேலையாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அளந்த பொறுப்பு இருக்கிறது. முடியாதவளின் பங்கு அடைபடாவிட்டால் தண்ணீர் அவள் வீட்டுக்கு மட்டும் வராது, எல்லோருக்கும் வரும், அடியும் எல்லோருக்கும் விழும். இது வெறும் புராணம் இல்லை. குடிமராமத்து என்று நிஜமாகவே நடந்த ஏற்பாடு. கண்மாய்க் கரையை, வரத்துக் கால்வாயைக் குடிகள் முறைவைத்துச் சீர்செய்தார்கள். பிரிட்டிஷ் காலத்தில் அந்த ஏற்பாடு தளர்ந்து, 1858இல் சட்டம் போட்டு வேலை வாங்கப் பார்த்தார்கள், பழைய மாதிரி வரவில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்தது. ஆனால் நகரத்துக் கண்மாய்க்கு இன்று குடி யார்? ஆயக்கட்டு விவசாயி இல்லை. கண்மாயால் காப்பாற்றப்படுகிற ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள்தான் இன்றைய குடிகள். அவர்களுக்கு அது இன்னும் யாரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளச் சமவெளியில் எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்க மத்திய அரசு மாநிலங்களுக்கு 1975இலேயே ஒரு மாதிரி மசோதாவை அனுப்பியது. மணிப்பூர் 1978இல் சட்டமாக்கியது, இன்னும் சில மாநிலங்கள் பின்னால் செய்தன, பெரும்பாலானவை செய்யவில்லை. தமிழ்நாட்டில் நமக்கு இருப்பது 2007ஆம் ஆண்டின் ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும், புறம்போக்கில் இருப்பவருக்குப் பி-மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கும் பழைய வழக்கமும். இவை நிலம் யாருடையது என்று கேட்கின்றன, தண்ணீர் அங்கே வருமா என்று கேட்பதில்லை. அசல் பட்டா உள்ள நிலத்திலும் தண்ணீர் ஏறும். பட்டா நிலமென்று தண்ணீர் ஒதுங்கிப் போகாது. பி-மெமோ வாங்கிய குடும்பத்தைத்தான் முதலில் காலி செய்யச் சொல்கிறார்கள், அவர்கள் வீடு கால்வாயை அடைத்தாலும் அடைக்காவிட்டாலும்.

காலி செய்வது சில இடங்களில் தவிர்க்க முடியாதது, அதை நான் மறுக்கவில்லை. கால்வாய்க்குள்ளேயே நிற்கும் வீட்டைக் காப்பாற்ற முடியாது. கேள்வி, எங்கே, எப்படி என்பது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்தில். தண்ணீரிலிருந்து தப்பி வருமானத்தை இழந்தார்கள். அமெரிக்காவில் 1993இல் மிசிசிப்பி வெள்ளம் மூழ்கடித்த வால்மேயர் என்ற சின்ன ஊர், பக்கத்திலேயே குன்றின் மேல் ஊரோடு சேர்ந்து குடியேறியது. நெதர்லாந்தில் 1995இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தபின், கரையை இன்னும் உயர்த்துவதற்குப் பதிலாக ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வால் ஆற்றங்கரையில் நைமேகன் நகருக்கு எதிரே கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டார்கள். ஓரிடத்தில் விவசாயிகள், வயலை வெள்ளத்துக்கு விட்டுவிட்டு வீட்டை மட்டும் மண்மேட்டில் ஏற்றிக்கொள்கிறோம் என்று தாங்களே முன்வந்து சொன்னார்கள். படித்தபோது எனக்குத் தேனூர் நத்தம் ஞாபகம் வந்தது.

இவ்வளவு ஏன் என்று கேட்கிறவர்களுக்குத் தூரம் போக வேண்டாம், தாமிரபரணி போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. மேல் குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் குளத்துக்கு ஒரேயடியாக வரும், அதுவும் உடையும். சங்கிலி காப்பாற்றும்போது எப்படிச் சேர்ந்து காப்பாற்றுமோ, உடையும்போதும் அப்படியே சேர்ந்து உடையும். மதுரையில் 2024இல் பெய்தது அதில் பத்தில் ஒரு பங்குதான்.

மனை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். சித்திரையில் போய்ப் பார்க்காதீர்கள், ஐப்பசியில் போய்ப் பாருங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள், அந்த ஊரில் ஆடு மேய்த்தவரிடம், முன்பு மடை திறந்து நீர் பாய்ச்சியவரிடம், மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று கேளுங்கள். புல வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் என்று கோடு ஓடுகிறதா, அது உங்கள் மனையில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பழைய வீட்டின் சுவரில் இடுப்பளவில் நிறம் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டுக் காப்பீடு எடுத்தால் வெள்ளமும் அதில் அடக்கமா, கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் பொருளுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளிப் பகுதியில் பேரிடர் நிதியிலிருந்து, 2022-26 விதிமுறைப்படி, கிடைத்தது 1,20,000 ரூபாய். அதில் இன்று பேஸ்மட்டம் வரைதான் வரும்.

பெரியம்மா வீட்டில் குளியலறைக் குழாயில் வால்வு மாட்டினோம். பிரிட்ஜுக்கு அடியில் இரண்டு அடுக்கு சிமெண்ட் கல் வைத்தோம். ரேஷன் கார்டும் பத்திரமும் தறி நூல் வைத்திருந்த பழைய டிரங்குப் பெட்டியில் பரணுக்குப் போயின. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் நான் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். வெள்ளையடிக்க வந்தவர் அழிக்கப் பார்த்தபோது பெரியம்மா விடவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு இரவு நல்ல மழை. பதினொரு மணிக்குப் போன் செய்தேன்.

"இங்க ஒரு சொட்டு வரலடா" என்றார். "எதுத்த வீட்டுலதான் அடுப்படி வரைக்கும் வந்துருச்சு. வாடகைக்கு இருக்குற பிள்ளைக, பாவம், அதுக என்ன வால்வு மாட்டும்? சின்னது ரெண்டும் இங்கதான் படுத்திருக்கு. நான் உலையில அரிசி போட்டுட்டு வாறேன், நீ போன வையி."